இடுப்பில் கட்டிய துண்டு



தாழ்ச்சியைப் புகழாதவர் நம்மில் யாரும் இல்லை. மறையுரைகளில் அதைப்பற்றி அடிக்கடி கேட்கிறோம். செபங்களில் அந்த வரத்திற்காக மன்றாடுகிறோம். தலையான பாவங்களில் முதலாவது அகங்காரம், அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமும் செய்திருக்கிறோம். ஆனால் தாழ்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நமது பதில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. குனிந்த தலையும், மெல்லிய குரலும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்வதுமே தாழ்ச்சி என்று பலரும் எண்ணுகிறோம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. தாழ்ச்சியாய் இருக்க வேண்டும் என்ற அறிவுரை நம் நடுவில் பெரும்பாலும் யாருக்குச் சொல்லப்படுகிறது? வீட்டில் மருமகளுக்கு. வேலைத்தளத்தில் கூலியாளுக்கு. ஊரில் ஏழைக்கு. பங்கில் கேள்வி கேட்கும் இளைஞருக்கு. அதாவது, ஏற்கெனவே கீழே இருப்பவர்களுக்கே இன்னும் கீழே போகும்படி சொல்லப்படுகிறது. நம் ஆண்டவர் இதை யாருக்குச் சொன்னார்? யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை மனதில் வைத்து, இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

பந்தியில் எழுந்த வாக்குவாதம்

இறுதி இரா உணவின்போது சீடர்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்ததாக லூக்கா தமது நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். தங்களுள் யார் பெரியவர் என்பதே அந்த வாக்குவாதம். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட அதே மேசையில், அதே இரவில், இந்தப் பேச்சு எழுந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இது முதல் முறையும் அல்ல. எருசலேமை நோக்கிச் செல்லும் வழியில், மாட்சியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் தங்களுக்கு வேண்டும் என்று யாக்கோபும் யோவானும் கேட்டதையும், மற்றப் பத்துப்பேரும் அதற்காகக் கோபங்கொண்டதையும் மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பத்துப்பேரின் கோபத்திற்கும் காரணம் தாழ்ச்சி அல்ல. அவர்களும் அதே இடங்களின்மேல் கண் வைத்திருந்தார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இந்தச் சீடர்கள்தாம் நாளைய திருச்சபையின் தலைவர்கள். கட்டவும் அவிழ்க்கவும் அதிகாரம் பெற்றவர்கள். பாதம் கழுவும் பாடம் இவர்களுக்குத்தான் கற்பிக்கப்பட்டது. இயேசு ஓர் அடிமையை அழைத்து, நீ இன்னும் தாழ்ந்து போ என்று சொல்லவில்லை. தலைமை ஏற்கப்போகிறவர்களின் முன்னால் தாமே எழுந்து, மேலுடையைக் கழற்றிவைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆகவே தாழ்ச்சி என்பது முதலாவதாக அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை.

அடிமையின் வேலை

பாலஸ்தீன நாட்டில் மக்கள் செருப்பணிந்து, புழுதி நிறைந்த வழிகளில் நடந்தார்கள். விருந்துக்கு வருபவர்களின் கால்களுக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். அந்தக் கால்களைக் கழுவிவிடுவதோ வீட்டின் கடைசிப் பணியாளருடைய வேலை. எபிரேய அடிமையை இந்த வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று பழைய யூதப் போதகர்களின் விளக்கம் ஒன்று கூறுகிறது. சீடர் தம் போதகருக்கு எல்லாப் பணிவிடையும் செய்யலாம், செருப்பை அவிழ்ப்பதைத் தவிர, என்ற கருத்தும் அவர்களிடையே இருந்தது. மெசியாவின் செருப்பு வாரை அவிழ்க்கவும் தமக்குத் தகுதியில்லை என்று திருமுழுக்கு யோவான் சொன்னது எவ்வளவு ஆழமான தாழ்ச்சி என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். போதகருக்குச் சீடர்கூட செய்ய வேண்டியதில்லை என்று விடப்பட்ட வேலையை, இங்கே சீடர்களுக்குப் போதகரே செய்கிறார்.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் காட்சி இன்னும் நெருக்கமானது. நம் மண்ணில் கால் என்பது வெறும் உடலுறுப்பு அல்ல. பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குகிறோம். பதவியில் இருப்பவர்களின் காலில் விழுவோரையும் பார்க்கிறோம். ஆதிக்கச் சாதியார் வாழும் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் வதைக்கப்பட்ட வரலாறும் நமக்கு உண்டு.

துண்டும் அப்படித்தான். நம் ஊர்களில் தோளில் துண்டு போட்டிருப்பது மதிப்பின் அடையாளம். மேல்சாதியார் முன்னே வரும்போது அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை நெடுங்காலம் இருந்தது. இதை அறிந்த நமக்கு, ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார் என்ற சொற்கள் சாதாரணச் சொற்களாக ஒலிக்கக்கூடாது. யாரையெல்லாம் உலகம் இடுப்பில் துண்டு கட்ட வைத்ததோ, அவர்களுடைய வரிசையில் அவர் தாமாகவே போய் நின்றார்.

தம்மை அறிந்தவரின் தாழ்ச்சி

பாதம் கழுவுமுன் யோவான் ஒரு குறிப்புத் தருகிறார். தந்தை அனைத்தையும் தம் கையில் ஒப்படைத்துள்ளார் என்பதையும், தாம் கடவுளிடமிருந்து வந்ததையும், கடவுளிடம் திரும்பச் செல்ல வேண்டியதையும் இயேசு அறிந்திருந்தார் என்கிறார். அந்த அறிவோடுதான் பந்தியிலிருந்து எழுந்தார். ஆம், தம்மைப்பற்றிய தாழ்வுமனப்பான்மையால் அவர் குனியவில்லை. தாம் யார் என்பதை முழுமையாக அறிந்திருந்ததால்தான் அவரால் குனிய முடிந்தது.

கழுவி முடித்தபின் அவர் மீண்டும் மேலுடையை அணிந்து, தம் இடத்தில் அமர்ந்து, போதகர் என்றும் ஆண்டவர் என்றும் தம்மை அழைப்பது சரியே என்கிறார். தமது அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. அந்த அதிகாரம் எதற்காக என்பதை மட்டுமே மாற்றிக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவுவதைத் தாழ்ச்சி என்று நாம் எண்ணினால், அது நற்செய்தியின் தாழ்ச்சி அல்ல.

மூலமொழியில் இன்னொரு செய்தியும் உண்டு. இயேசு மேலுடையைக் கழற்றி வைத்ததற்கும் பிறகு எடுத்து அணிந்ததற்கும் யோவான் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொற்கள், 10ஆம் அதிகாரத்தில் நல்ல ஆயர் தம் உயிரைக் கொடுப்பதையும் மீண்டும் பெற்றுக்கொள்வதையும் குறிக்கும் அதே சொற்கள். ஆகவே பாதம் கழுவியது ஒரு மரியாதைச் சடங்கு அல்ல. மறுநாள் சிலுவையில் நடக்கவிருந்ததை அந்தப் பந்தியில் அவர் முன்கூட்டியே செய்து காட்டினார்.

பேதுருவின் மறுப்பு

தம் பாதங்களைக் கழுவக்கூடாது என்று பேதுரு தடுத்தார். இது மேலோட்டமாகத் தாழ்ச்சிபோலத் தெரிகிறது. ஆனால் ஆண்டவர் அதை ஏற்கவில்லை. கழுவ அனுமதிக்காவிட்டால் தம்மோடு பங்கு இல்லை என்று கண்டிப்பாகவே சொன்னார். ஏன்? தலைவர் இப்படிக் குனியலாம் என்பதை ஏற்றுக்கொண்டால், நாளைக்குத் தாமும் குனிய வேண்டியிருக்கும் அல்லவா? மேலும், பிறரிடமிருந்து உதவி பெறத் தெரியாதவர் பிறருக்குச் செய்யும் உதவியும் மேலிருந்து போடும் பிச்சையாகிவிடும்.

இயேசுவோ பெற்றுக்கொள்ளவும் அறிந்தவர். இதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் பெத்தானியாவில் மரியா அவருடைய பாதங்களில் நறுமணத் தைலம் பூசித் தம் கூந்தலால் துடைத்தார். மரியா துடைத்ததைக் குறிக்க யோவான் 12ஆம் அதிகாரத்தில் பயன்படுத்தும் அதே சொல்லைத்தான், இயேசு சீடர்களின் பாதங்களைத் துடைத்ததற்கும் 13ஆம் அதிகாரத்தில் பயன்படுத்துகிறார். ஒரு பெண்ணிடமிருந்து பெற்ற பணிவிடையை ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்தார் என்று நாம் தியானிக்கலாம்.

அந்தப் பந்தியில் யூதாசும் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். காட்டிக்கொடுக்கப்போகிறவர் யார் என்பது இயேசுவுக்குத் தெரியும். அவருடைய பாதங்களை மட்டும் விட்டுவிட்டதாக நற்செய்தியில் இல்லை. நமக்கு நன்றியுள்ளவர்களுக்கும் நம்மைப் புகழ்பவர்களுக்கும் மட்டும் செய்வதைப் பணி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

திருச்சபை காத்த கட்டளை

திருச்சபை இக்கட்டளையைப் பல வழிகளில் காத்து வந்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், வாரந்தோறும் சமையல் பணியை முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும் என்றும், விருந்தினர் வந்தால் மடத்தின் தலைவரும் துறவிகளும் அவர்களுடைய பாதங்களைக் கழுவ வேண்டும் என்றும் வகுத்தார். அதாவது, இது ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வழிபாடாக மட்டும் அல்லாமல், சமையலறையோடும் வாசலோடும் சேர்ந்த அன்றாட வேலையாக இருந்தது.

590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் உரோமையின் உயர்குடியில் பிறந்தவர். அந்நகரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். தம் குடும்ப வீட்டையே துறவு மடமாக மாற்றினார். கான்ஸ்டான்டிநோபிளின் மறைமுதுவர் யோவான் உலகப் பொதுவானவர் என்ற பட்டத்தைப் பயன்படுத்தியபோது கிரகோரியார் அதை எதிர்த்தார். தமக்கோ கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்ற பெயரை வைத்துக்கொண்டார். திருத்தந்தையர் தங்கள் முக்கிய ஆவணங்களில் இன்றும் இப்பெயரைப் பயன்படுத்துகின்றனர்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவ வேண்டும் என்று 694ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் தொலேதோ நகரில் கூடிய சங்கம் ஆயர்களுக்கு ஆணையிட்டது. 1600ஆம் ஆண்டின் ஆயர் வழிபாட்டு நூல், 13 ஏழைகளுக்கு உடையும் உணவும் கொடுத்து அவர்களுடைய பாதங்களை ஆயர் கழுவும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. ஏழைகளுக்குப் பதிலாகப் பேராலயக் குருக்களின் பாதங்களைக் கழுவும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது என்று அதே நூல் காட்டுகிறது. ஏழைகளுக்குரிய இடம் மதிப்புக்குரியவர்களின் இடமாக மாறும் சோதனை இன்று நேற்று வந்தது அல்ல.

திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955இல் செய்த புனித வாரச் சீர்திருத்தம், பெரிய வியாழன் திருப்பலியை மாலை வேளைக்குக் கொண்டுவந்து, பாதம் கழுவும் சடங்கை அத்திருப்பலியிலேயே நடத்தவும் வழிசெய்தது. இதனால்தான் நம் பங்குக் கோவில்களில் இன்று எல்லா மக்களும் இதைக் காண முடிகிறது. 1964 நவம்பர் மாதம், 2ஆம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை 6ஆம் பவுல் தமது மும்முடியைக் கழற்றி, ஏழைகளுக்கென்று புனித பேதுரு பேராலயப் பீடத்தில் வைத்தார். அதே மாதம் வெளிவந்த திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், இறைமக்கள் அனைவரையும்பற்றிய அதிகாரத்தை முதலில் வைத்து, ஆயர்களின் அதிகாரப் பொறுப்பைப்பற்றி அதற்குப் பின்னரே பேசுகிறது.

2013 மார்ச் 28 அன்று, பொறுப்பேற்ற சில நாள்களிலேயே, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் இளம் குற்றவாளிகளுக்கான காவல் இல்லத்திற்குச் சென்று 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள், இஸ்லாமியரும் இருந்தனர். 2016 சனவரியில் வழிபாட்டு விதி மாற்றப்பட்டது. அதுவரை ஆண்கள் என்று இருந்த இடத்தில், ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும், நலமுள்ளோரும் நோயுற்றோரும் என இறைமக்கள் எல்லாரிடமிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. 2024இல் முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில் இருந்த அவர், உரோமையின் ரெபீபியா சிறையில் 12 பெண்களின் பாதங்களைக் கழுவினார். அவரால் குனிய முடியாததால் அந்தப் பெண்களை ஒரு மேடையில் அமரவைத்தார்கள். 2025 ஏப்ரல் 17, பெரிய வியாழனன்று, நோயிலிருந்து முழுமையாகத் தேறாத நிலையிலும் மற்றொரு சிறைக்குச் சென்றார். இம்முறை பாதங்களைக் கழுவ இயலவில்லை என்றாலும் அருகில் இருக்க விரும்புவதாக அங்கிருந்தவர்களிடம் சொன்னார். நான்கு நாள்களுக்குப் பின், ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்தார்.

நம் மண்ணின் சாட்சி

இப்பாடத்தை வாழ்ந்து காட்டியவர் நம் மண்ணிலும் இருக்கிறார். 1712இல் நட்டாலத்தில் பிறந்த புனித தேவசகாயம், திருவிதாங்கூர் அரசில் அரண்மனை அதிகாரியாக இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது உயர்குடியினரின் வெறுப்பைத் தூண்டியது. 1749இல் கைது செய்யப்பட்டு, பல துன்பங்களுக்குப்பின் 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சாதிப் பெயர் இன்றித் தேவசகாயம் என்றே அழைத்தார். அரண்மனையில் தமக்கு இருந்த இடத்தை விட்டு இறங்கி வந்ததற்கு அவர் கொடுத்த விலை தம் உயிர்.

நமது பங்கிலும் வீட்டிலும்

இனி நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம்.

1. பெரிய வியாழனன்று நம் பங்கில் யாருடைய பாதங்கள் கழுவப்படுகின்றன? அதிக நன்கொடை கொடுத்தவர்கள், பொறுப்பாளர்கள், ஒவ்வொரு தெருவின் பெரியவர்கள் என்று அது ஒரு மரியாதைப் பட்டியலாக மாறிவிட்டால், அந்தச் சடங்கு தன் பொருளை இழந்துவிடுகிறது. வயதான விதவை, மாற்றுத்திறனாளி, கோவிலையும் தெருவையும் சுத்தம் செய்பவர், வேற்று மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர் ஆகியோருக்கு அந்த இருக்கைகளில் இடம் உண்டா?

2. திருவிழா அழைப்பிதழில் யார் பெயர் முதலில், கொடியேற்றத்தில் யார் முன்னே, தேர் எந்தத் தெரு வழியாக என்பனவற்றால் எத்தனை பங்குகளில் மனக்கசப்பு! சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதியின் பெயரால் பிரிவினை இருக்கிறது. பந்தியில் சீடர்கள் நடத்திய அதே வாக்குவாதம்தான் இது. இதற்கு ஆண்டவர் தந்த பதிலை நாம் ஒவ்வோர் ஆண்டும் கண்ணால் பார்க்கிறோம்.

3. அருள்பணியாளர்களும், பங்குப் பேரவை உறுப்பினர்களும், அன்பியப் பொறுப்பாளர்களும் கணக்கை மக்கள்முன் திறந்து வைப்பதும், மாற்றுக் கருத்தை முழுவதும் கேட்பதும், பதவிக்காலம் முடிந்ததும் மனநிறைவோடு விலகுவதும் பாதம் கழுவுதலே. உலகின் தலைமைப் பதவிகளில் இருப்போரும் நினைத்துப்பார்க்க ஒன்று உண்டு. 1970இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் பணிவிடைத் தலைமைபற்றி எழுதிய கட்டுரையில் ஓர் அளவுகோலைத் தந்தார். நம் தலைமையின்கீழ் இருப்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா என்பதே அது.

4. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? எல்லாரும் எழுந்தபின் பாத்திரங்களைக் கழுவுபவர் யார்? அது எப்போதும் ஒருவராகவே இருந்தால், துண்டு இன்னும் கைமாறவில்லை என்று பொருள். கணவர்களும் மகன்களும் முதலில் எழ வேண்டிய பந்தி அது.

5. தாழ்ச்சியின் பெயரால் யாரையும் அநீதியைச் சகித்துக்கொள்ளச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடிபடும் மனைவியிடமும், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியிடமும், சாதியால் இழிவுபடுத்தப்பட்ட இளைஞரிடமும் தாழ்ச்சியைப் போதிப்பது நற்செய்தி அல்ல. அவர்கள் அருகில் போய் அமர்வதும், அவர்களுக்காகப் பேசுவதும், அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்வதுமே நம் ஆண்டவரின் வழி. அவர் குனிந்தது பிறரை நிமிரச் செய்வதற்காக அல்லவா?

அன்புக்குரியவர்களே, பாதம் கழுவி முடித்ததும், தாம் செய்தது இன்னதென்று புரிந்ததா என்று இயேசு சீடர்களிடம் கேட்டார். இதை அறிந்துகொண்டு அதன்படி நடந்தால் பேறுபெற்றவர்கள் ஆவார்கள் என்றும் சொன்னார். அறிந்தால் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த பெரிய வியாழன்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த வாரமே நம் வீட்டில், நம் அன்பியத்தில், நம் அலுவலகத்தில், நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைக்கும் ஒருவருக்கு, அவர் நமக்குச் செய்துவரும் ஒரு வேலையை நாம் செய்து பார்ப்போம். பேதுருவைப்போல அவர் தயங்கலாம். நமக்கும் தொடக்கத்தில் கூச்சமாக இருக்கலாம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்ட நம் ஆண்டவர் நமக்கு அந்தத் துணிவைத் தருவாராக. ஆமென்.